எரிஞ்சு போகட்டும் என்றவள்

சுல்மீராவின் படம் பத்திரிகையில் மூன்று தடவை வந்திருக்கிறது. மூன்றிலும் வாய் திறந்தபடிதான் இருக்கிறாள். பேசாமல் இருக்கும்போது அவளைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது அப்படி ஒரு சமயம் அமையவில்லை. ராக்கெட் தளத்தைப் பற்றி வெளியிலிருந்து யார் வந்து விசாரித்தாலும், மூன்றாவது வரிசையில் நாலாவது வீடு என்று எங்கள் ஆட்கள் கைகாட்டிவிடுவார்கள். நான் அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னதும், அவள் சொல்லச் சொல்ல எழுதியதும் நான்தான். அவள் பேசியதெல்லாம் ஊருக்குத் தெரியும். பேச்சை நிறுத்தியபின் அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

நாங்கள் பிரேசிலின் வடக்குக் கடற்கரைக்காரர்கள். எங்கள் முன்னோர் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். முதலாளிகள் நொடித்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். அடிமைகள் அதே மண்ணில் தங்கிவிட்டார்கள். அப்படி நூறு வருஷத்துக்கு மேல் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, எங்கள் கரை பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் இங்கிருந்து ராக்கெட் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள். எண்பத்தாறாம் வருஷம் எங்களை லாரியில் ஏற்றி, கடலிலிருந்து நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும் இடத்தில் இறக்கினார்கள்.

பழைய ஊரைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுவது சுல்மீராவுக்குப் பிடிக்காது. அங்கே ஓலைக் கூரையில் பாம்பு இருந்தது. வயிற்றுப்போக்கில் அவளுடைய இரண்டு குழந்தைகள் ஒரே மழைக்காலத்தில் போயின. கல் வீடு, குழாயில் தண்ணீர், ஒரு சுகாதார நிலையம், அதில் ஒரு டாக்டர் என்று அதிகாரி காகிதத்தைப் படித்துக் காட்டியபோது முதலில் தலையாட்டியவர்களில் அவளும் ஒருத்தி. என்னை யாரும் தூக்கிப் போட்டுக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் லாரியில் ஏறினேன் என்று பின்னாளில் கூட்டங்களில் அவளே சொல்வாள். தளத்தை எதிர்த்த போராட்டக்காரர்களுக்கு அது பிடிக்காது. அந்த வரியைக் கொஞ்சம் விட்டுவிடலாமே என்று கெஞ்சுவார்கள். விடமாட்டாள்.

கல் வீடு வந்தது. தண்ணீர் பாதி நாள் வந்தது. சுகாதார நிலையமும் வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புச் சிலுவை, உட்கார ஒரு பெஞ்சு. டாக்டர்தான் வரவில்லை. வருவார் என்று பத்து வருஷம் சொன்னார்கள். அதற்குள் பெஞ்சைக் கரையான் தின்றுவிட்டது.

அவள் புருஷன் எவுசேபியோ மீன்காரன். புது இடத்திலிருந்து கடலுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் வெயிலில் மீன் கெட்டுவிடும். தளத்தில் சோதனை நடக்கும் மாதங்களில் கரைக்குப் போகும் பாதையையே மூடிவிடுவார்கள். இரண்டு வருஷம் அல்லாடிப் பார்த்துவிட்டு, தளத்துக்குள் புல் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அதிகம் பேசாதவன். "ரெண்டு பேருக்குமான பேச்சை இவளே பேசிடறா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான்.

அப்போது அது சிரிப்புக்குச் சொன்னது. தொண்ணூற்றாறு வரை சுல்மீரா வீட்டு வாசலில்தான் பேசினாள், மேடையில் பேசியதில்லை.

அந்த வருஷம் அவள் மகள் லுசினேத்திக்கு இருபத்திரண்டு வயது. தலைப்பிரசவம். சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஒரு காலையில் வலி வந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. எங்கள் மருத்துவச்சி கை வைத்துப் பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது என்று நேராகச் சொல்லிவிட்டாள். மாவு வியாபாரி ஜெனேசியோவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனோம். நானும் போனேன். டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாநிலத் தலைநகருக்குக் கொண்டு போய்விடுங்கள், இங்கே அறுவைக்கு ஆளில்லை என்றாள். படகுத்துறைக்கு வந்தால் கடல் வற்றிக் கிடந்தது. எங்கள் பக்கம் ஓதம் இறங்கினால் தண்ணீர் அரை மைல் பின்னால் போய்விடும். படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் திரும்பி வர நாலு மணி நேரம் ஆகும் என்று படகுக்காரர் சொன்னார்.

துறையின் கல் படியில், ஒரு பாய்த்துணியை விரித்து நிழல் கட்டி, அவளைப் படுக்க வைத்தோம். சுல்மீரா மகளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எவுசேபியோ தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். லுசினேத்தி முதலில் கத்தினாள், பிறகு முனகினாள், பிறகு தண்ணீர் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிறது, வருகிறது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். படகு மிதந்தபோது ஏற்ற ஆள் இல்லை. குழந்தையும் வெளியே வரவில்லை. தாயோடு சேர்த்தே புதைத்தோம்.

அடுத்த மாதம் நிலப் பட்டா விஷயமாக அதிகாரிகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தளத்தால் நாட்டுக்கு வரப்போகும் பெருமையைப் பற்றி ஒருவர் ராக்கெட் படம் போட்டு விளக்கினார். சுல்மீரா பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"ஐயா, அந்தக் குழாய் எவ்வளவு உயரம் போகும்?" என்று கேட்டாள்.

அவர் கிலோமீட்டர் கணக்கில் பதில் சொன்னார்.

"அவ்வளவு உயரத்துக்கு ஏத்தறீங்க. ஒரு டாக்டரை எங்க பெஞ்சு மேல ஏத்தி உக்கார வைக்க முடியலையே. அது முழங்கால் உயரம்தானே?"

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.  முதல் படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. டவுனில், அதே படகுத்துறைக்கு மேலே ஒரு ஓரத்தில், தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்தாள். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எல்லோரும் கேட்டோம். "வேற இடத்துல இருந்தாலும் இங்கதான் இருப்பேன்" என்றாள். புளிச்சக்கீரையும் காய்ந்த இறாலும் போட்டுக் கிண்டிய சோறு, பொரித்த மீன், மரவள்ளி மாவு, மிளகாய் ஊறவைத்த காடி. அவ்வளவுதான் கடை. மதியத்தோடு முடிந்துவிடும்.

முதல் ராக்கெட் விடும் வருஷம், தெற்கேயிருந்து தளத்து வேலைக்கு வந்த தொழில்நுட்பக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வந்து அந்தக் கடையில் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவன் ஒர்லாந்தோ. ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். ராக்கெட்டுக்குள் ஓடும் ஒயர்களைச் சோதிப்பது அவன் வேலை. அப்பா கரும்பு வெட்டும் கூலி என்று அவனே சொன்னான். சுல்மீரா யார், பத்திரிகையில் என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்தான்.

"எங்களைத் திட்டற தோனா சுல்மீரா நீங்கதானே?" என்று முதல் நாளே கேட்டானாம். தோனா என்றால் எங்கள் பக்கம் மரியாதையாக அம்மா என்பது போல.

"திட்டறது இலவசம். சோத்துக்குத்தான் காசு" என்றாளாம் அவள்.

அதிலிருந்து ஆறு வருஷம், அவன் வேலைக்கு வரும் மாதங்களில் எல்லாம், இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நான் பல ஞாயிறு அங்கே இருந்திருக்கிறேன். அது வெறும் வாய்ச்சண்டை இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாரம் முழுக்க யோசித்துவிட்டு அடுத்த வாரம் பதிலோடு வருவார்கள். எங்கே காடு வெட்டுகிறான் என்று பார்க்கக்கூட அடுத்த நாட்டுக்காரனிடம் செயற்கைக்கோள் படம் கேட்டு நிற்கிறோம், புயல் வருவதையும் மேலே இருந்துதான் சொல்ல முடிகிறது, இத்தனை பெரிய நாடு அதைத் தானே செய்துகொள்ள வேண்டாமா என்பான் அவன். மேலே இருந்து பார்த்தால் காடு எரிவது தெரியும், படகுத்துறைப் படியில் நடந்தது தெரிந்ததா என்று அவள் கேட்டாள்.  அன்றைக்குத்தான் அவனுக்கு லுசினேத்தியைப் பற்றி முழுதாகத் தெரிந்தது. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் வந்து கேட்டான். "ராக்கெட்டை நிறுத்தினா அந்தக் காசு உங்க டாக்டருக்கு வரும்னு நெனைக்கிறீங்களா?"

"வராதா?"

"ரெண்டு வருஷமா எங்ககிட்ட புது ஆள் எடுக்கலை. மூணு பேர் வேலையை ஒருத்தன் பார்க்கறோம். நல்லாத் தெரிஞ்சவங்க எல்லாம் வேற வேலைக்குப் போயிட்டாங்க. அதுல மிச்சமான காசு உங்க தெருப் பக்கம் வந்துச்சா?"

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில், அவன் கேட்டது நியாயம்தான் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கோபமாகத்தான் இருந்தாள்.

முதல் ராக்கெட் கிளம்பின கொஞ்ச நேரத்தில் கோளாறாகிக் கடலில் விழுந்தது. மீனுக்கு நல்ல விருந்து என்று டவுன் முழுக்கக் கேலி. அன்றைக்கு ஒர்லாந்தோ சாப்பிட வந்தபோது சுல்மீரா கேலி பேசவில்லை. கேட்காமலே இன்னொரு மீனைத் தட்டில் வைத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான். இரண்டாவது ராக்கெட்டும் அப்படியே போயிற்று. அதற்கப்புறம் அவன் அடுத்த தடவை வருவானா என்று அவள் ஒவ்வொரு வருஷமும் படகிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதாக ஒத்துக்கொள்ளமாட்டாள். "காரமில்லாம கேக்கற தெக்கத்திக்காரன் எவனாவது வர்றானான்னு பார்க்கறேன், தனியா சமைக்கணுமே" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில் மூன்றாவது ராக்கெட் தயாரானது. திங்கட்கிழமை கிளம்பும் என்றார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, தளத்துக்குப் போகும் சாலையில் எங்களை மாதிரி லாரியில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஏழு குடியிருப்பு ஆட்களும் உட்கார்ந்தோம். பட்டா வேண்டும், கரைக்குப் போகும் பாதை வேண்டும், டாக்டர் வேண்டும். தலைநகரிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். வேலையாட்களை ஏற்றிவந்த பேருந்து எங்களைத் தாண்ட முடியாமல் நின்றது. ஒரு பெண் மைக்கை சுல்மீராவிடம் நீட்டி, அடுத்த வாரம் ராக்கெட் கிளம்பப் போகிறதே, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எரிஞ்சு போகட்டும்" என்றாள் சுல்மீரா. "அதுக்குக் கொட்டின காசு எரியறதை நானும் நின்னு பார்க்கறேன்."

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். பேருந்தின் மூன்றாவது ஜன்னலில் ஒர்லாந்தோ இருந்தான். அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அத்தனை பேர் நடுவில், காமிராவுக்கு முன்னால், அவளால் பதிலுக்குக் கையை உயர்த்த முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதனும் வியாழனும் போராட்டப் பேச்சுவார்த்தை என்று எங்களோடு அலைந்தாள். கடை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி இருக்கும். நான் வகுப்பில் இருந்தேன். தரை ஒரு தடவை உதறியது. ஓடுகள் கிலுகிலுத்தன. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வடக்கே மரங்களுக்கு மேல் வெள்ளைப் புகை கிளம்பி, அடியில் கருப்பாகி, அப்படியே நின்றது. ராக்கெட்டென்றால் புகை மேலே ஓட வேண்டும். இது ஓடவில்லை. திங்கட்கிழமைதானே சொன்னார்கள், இன்றைக்கே விட்டுவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். சோதனை பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர்.

சுல்மீரா மரவள்ளி மாவு வறுக்கும் கொட்டகையில் பெரிய தட்டுக்கு முன்னால் துடுப்போடு நின்றிருந்தாள். நான் போனபோது மாவு கருகிக்கொண்டிருந்தது. அவள் புகையைப் பார்த்தபடி, "உள்ள ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். "மதியச் சோத்துக்கு வெளிய வந்திருப்பாங்க. இந்நேரம் வெளியதான் இருப்பாங்க" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ராக்கெட் கோபுரத்தில் நிற்கும்போதே, யாரும் எதிர்பாராமல், ஒரு எஞ்சின் பற்றிக்கொண்டது என்று சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள். கோபுரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இருபது பேருக்கு மேல்.

மறுநாள் படகில் வந்த பத்திரிகையோடு அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேரெல்லாம் படி, வாத்தியாரே."

படித்தேன். பதினோராவது பெயர் ஒர்லாந்தோ. அவனுடைய முழுப் பெயர் எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது.

"வயசு போட்டிருக்கா?"

"நாப்பத்தி ஒண்ணு."

"என்ன வேலைன்னு போட்டிருக்கு?"

"மின் இணைப்புச் சோதனை."

"இன்னொரு தடவை முதல்ல இருந்து படி."

மறுபடியும் படித்தேன். பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருவில் நடக்கும்போது ஜெனேசியோ தன் கடை வாசலிலிருந்து, "சுல்மீரா, உன் வாய் பலிச்சிருச்சே" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு போக வண்டி கொடுத்தவன் அவன்தான்.  அவள் நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு டிவியில் அவள் சொன்ன அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முதலில் அவள் முகம், அடுத்து புகை, மறுபடி அவள் முகம்.

எவுசேபியோவையும் மற்றப் புல் வெட்டும் ஆட்களையும் ஒரு வாரம் கழித்து உள்ளே விட்டார்கள். வெளிமைதானத்தைச் சுத்தம் செய்வதுதான் வேலை. முதல் நாள் திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தான்.

"மரத்தடியில சைக்கிளுங்க நிக்குது சுல்மீ" என்றான். "யாரும் எடுக்க வரலை."

அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி அவன் சாகும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒர்லாந்தோவின் மனைவிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை வந்தாள். உங்கள் வீட்டுக்காரர் என் கடையில் சாப்பிட்டவர், நல்லவர் என்று ஆரம்பிப்பாள். அதோடு நின்றுவிடும். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பேன். டிவியில் தான் சொன்னதைச் சொல்லாமல் எழுதினால் பொய்யாகிவிடும், சொல்லி எழுதினால் அந்தப் பெண் எப்படித் தாங்குவாள் என்பாள். மூன்று தாளையும் அவளே வாங்கிக் கிழித்துவிட்டாள். கடையைத் திறந்தாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்றாள்.

அடுத்த வருஷம் அதே ஆகஸ்டில், இறந்தவர்களின் குடும்பங்களைப் பூசைக்கு அழைத்து வந்தார்கள். பூசை முடிந்ததும் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாகப் படகுத்துறைப் பக்கம் வந்து, தோனா சுல்மீராவின் கடை எது என்று விசாரித்தாள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் பெயர் மார்லி என்றாள். யாருடைய மனைவி என்று அவள் சொல்லவேயில்லை. சுல்மீரா தட்டில் சோறு வைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, எதிரில் நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்மா. டிவியில நீங்க பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன்" என்றாள் மார்லி. "அதுக்கு முன்னாடியே அவர் ஃபோன்ல சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். இன்னிக்கு தோனா சுல்மீரா எங்களை எரிச்சுட்டாங்க, போய் சமாதானம் பண்ணிக்கலைன்னா திங்கக்கிழமை வரைக்கும் கேண்டீன் சோறுதான்னார்."

சுல்மீரா பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை லீவு போட்டு டவுனுக்கு வந்தாராம். கடை பூட்டியிருந்துச்சுன்னு சொன்னார்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு மார்லியின் மேல் அந்த நேரம் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், ஒரு வருஷமாக அதைச் சொல்ல அவளுக்கு வேறு யார் இருந்தார்கள். அவள் அழவில்லை. ஒருத்தர் சொல்லி ராக்கெட் எரியும் என்று நம்புகிறவள் இல்லை நான் என்றாள். ஆனால் டிவியில் அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாளாம், சத்தம் கேட்காமல் இருக்க. பறக்கட்டும் என்றும் தோன்றுகிறது, இனி ஒன்றும் பறக்கவே வேண்டாம் என்றும் தோன்றுகிறது, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை. கிளம்பும்போது, தட்டை எடுத்துவிடலாமா என்று சுல்மீரா கேட்டதற்கு, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள். அவள் பேருந்து போன பிறகும் நாங்கள் எடுக்கவில்லை.

அந்த அக்டோபரில் டவுன் மண்டபத்தில் பொது விசாரணை நடந்தது. தலைநகரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு பக்கம், இவ்வளவு உயிர் போனபின் பாதியில் விட்டால் அவர்களுக்குத் துரோகம், இன்னும் அதிகமாகச் செலவழித்துப் பறக்கவிட வேண்டும் என்றார்கள். இன்னொரு பக்கம், பசித்த நாட்டுக்கு விண்வெளி எதற்கு, இழுத்து மூடு என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நன்றாகப் பேசினார்கள். போராட்டக்காரர்கள் சுல்மீராவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் வர ஒத்துக்கொண்டதே எனக்கு ஆச்சரியம்.

அவள் பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்தாள். மைக் வேண்டாம் என்றாள்.

"ராக்கெட் வேணுமா வேண்டாமான்னு என்னைக் கேக்காதீங்க. ஒரு தடவை சொல்லிட்டேன், போதும்" என்றாள். "எங்களுக்கு டாக்டர் தர்றோம்னு சொல்லி ஒரு பெஞ்சோட விட்டீங்க. தளத்துல இருந்த அந்தப் பிள்ளைங்ககிட்ட ராக்கெட் செய்யுங்கன்னு சொல்லி, மூணு ஆள் வேலைக்கு ஒரு ஆளை விட்டீங்க. எங்க பங்கும் பாதி, அவங்க பங்கும் பாதி. இந்தப் பாதியில என் பொண்ணு செத்தா. அந்தப் பாதியில அவங்க செத்தாங்க. எதைச் செய்யறதா இருந்தாலும் முழுசா செய்யுங்க. இல்லன்னா, செய்ய மாட்டோம்னு மொதல்லயே சொல்லிடுங்க. லாரியில ஏறாம இருப்போம்."

கை தட்டுவதா வேண்டாமா என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. அவள் உட்காராமல் நேராக வெளியே நடந்துவிட்டாள். மறுநாள் பத்திரிகையில் மற்ற எல்லோருடைய பேச்சும் வந்தது. அவளுடையது வரவில்லை. போராட்டக்காரர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு.

அதன்பின் அவளைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வரிசை, நாலாவது வீடு என்று கைகாட்டுவதும் நின்றது. சில வருஷத்தில் புதுக் கோபுரம் எழுந்தது. எங்கள் சுகாதார நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் ஒரு நர்ஸ் வர ஆரம்பித்தாள். யார் கேட்டு வந்தாள், எதனால் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் சுல்மீரா போய் வரிசையில் நின்று, உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். எவுசேபியோ இரண்டாயிரத்து ஒன்பதில் தூக்கத்தில் போனான். அதற்கப்புறம் அவள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் பேச்சுச் சத்தம் கேட்காது. முன்பு அவள் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கத்திய பக்கத்து வீட்டுக்காரர்கள், ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். உப்பு இருக்கு, எடுத்துட்டுப் போங்க என்பதோடு முடிந்துவிடும்.

ஒரே ஒரு தொடர்பு மட்டும் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மார்லி என் பள்ளிக்கூட ஃபோனுக்கு அழைப்பாள். சுல்மீரா முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். என்ன பெரிதாகப் பேசிவிடுவார்கள், முட்டி வலி, அங்கே குளிரா, இங்கே மழையா. ஒர்லாந்தோவின் பேரை இரண்டு பேரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கடைசியில் சுல்மீரா எப்போதும் ஒன்று கேட்பாள்: மறுபடி கல்யாணம் செய்துகொண்டாயா? இல்லை என்று பதில் வரும். சரி, சரி என்று சொல்லி ஃபோனை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து மார்ச்சில், பெருமழை பெய்த ஒரு காலையில், அடுப்பு மூட்டக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஜெனேசியோதான் முதலில் பார்த்தான். பெட்டிக்குப் பலகை அவனே அறுத்தான்.  புதைக்கும் இடத்தில் அவளைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மார்லிக்கு ஃபோன் செய்து சொன்னேன்.  

"வாத்தியாரே, போன வருஷம் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு அவங்க கேட்டப்போ இல்லைன்னு சொல்லிட்டேன். ஏன்னு தெரியலை. சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்களா?"

பட்டிருப்பாள் என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்வது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தனக்கு வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டதென்று சொல்லி, மார்லி ஃபோனை வைத்துவிட்டாள்.